ஏழாவது பட்டன்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கும் லிஃப்ட் மெக்கானிக்குக்கும் ஒன்பது வருடப் பழக்கம், முகம் பார்த்ததில்லை. பார்ப்பவர் இல்லாமல் இரண்டே வருடத்தில் நிறுத்தப்பட்ட ஒரு விண்வெளித் தொடரை இன்னும் விடாமல் அலசும் இணையக் குழுவில் முன்னவர் பெயர் பூதக்கண்ணாடி, பின்னவர் பெயர் நங்கூரம். சொந்தப் படம் போடக் கூடாது என்பது குழுவின் விதி. முகத்தைப் பார்த்துவிட்டால் வாதத்தின் தரம் குறைந்துவிடுமாம்.

பூதக்கண்ணாடி அந்தக் குழுவின் உச்ச நீதிமன்றம். தொடரில் வரும் தளபதியின் கோட்டுக்கு ஆறு பட்டன்கள்தான் என்று பதினான்கு பக்கம் எழுதி, அடிக்குறிப்பும் போட்டு, எதிர்த்தவர்களின் வாயை அடைத்தவர். அதை நம்பி நங்கூரம், ரசிகர் மாநாட்டுக்குப் போட்டுக்கொண்டு போக, எட்டு மாதம் உட்கார்ந்து கோட்டு தைத்தார். மூன்று வாரத்துக்கு முன், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், பூதக்கண்ணாடி பழைய காட்சி ஒன்றை நிறுத்திப் பார்த்தார். இடுப்புப் பட்டைக்குக் கீழே, அரை இருட்டில், ஏழாவது பட்டன்.

ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆனால் ஒன்பது வருட மதிப்பு ஒரு பட்டனில் கழன்றுவிடும். ஆகவே தன் கோட்டில் மட்டும் ஓசைப்படாமல் ஏழாவதைத் தைத்துக்கொண்டார்.

"யாரு எண்ணிப் பாக்கப்போறா?" என்றார் மனைவியிடம்.

"எண்ணிப் பாக்கறதுக்குன்னே ரயிலேறி வர்ற கூட்டமாச்சே அது" என்றார் மனைவி.

ரசிகர் மாநாட்டுக் கூடத்தில் நானூறு பேர் இருந்தார்கள். அவர்களில் தளபதிகள் மட்டும் முப்பது பேர். ஆணையிட ஒரு சிப்பாய்கூட இல்லை. தொடரில் யார் உடையிலும் பை கிடையாது என்பதால், உத்தமமான ரசிகர்கள் எல்லாரும் போனைப் பொருள் காப்பறையில் ஒப்படைத்திருந்தார்கள். இரண்டு மணிக்கு வாசலில் உள்ள தெர்மகோல் ராக்கெட்டின் கீழே சந்திப்பதாக நங்கூரத்துடன் ஏற்பாடு. பூதக்கண்ணாடி ஒரு மணிக்கே வந்துவிட்டார். உடைப் போட்டியின் முடிவு அப்போதுதான் அறிவிக்கப்பட்டிருந்தது. நடுவர் மேசையருகே சத்தம்.

"அரை மார்க்குல முதல் பரிசு போச்சு சார்! ஆறு பட்டன்தான். பூதக்கண்ணாடின்னு ஒருத்தர் ஆதாரத்தோட எழுதியிருக்கார், படிச்சிருக்கீங்களா?" குட்டையான, தோள் அகன்ற ஒரு தளபதி மேசையைத் தட்டினார்.

நடுவர் ஏதோ வரித்துறை அதிகாரி. அன்று மட்டும் வேற்றுக்கிரகவாசி வேடத்தில் முகம் பச்சை. "ஏழுங்க" என்றார், வாரநாள் குரலில்.

அது நங்கூரம்தான் என்று பூதக்கண்ணாடிக்குப் புரிந்துவிட்டது. நழுவப் பார்த்தார். அதற்குள் நங்கூரத்தின் கை அவர் கோட்டைப் பிடித்துவிட்டது; கண் முகத்துக்கு ஏறவில்லை, பட்டன்களிலேயே நின்றது.

"இதோ, இன்னொருத்தர்! ஏழு தெச்சுட்டு வந்திருக்கார். ஏன் சார், எவனோ சொன்னான்னு தெச்சுடறதா? கொஞ்சம் படிக்க வேணாமா?"

"இல்ல... வந்து..."

"ரெண்டு மணிக்கு அவரே வர்றார். நேரா இங்கயே கூட்டிட்டு வரேன். அவர் முன்னாடி பேசுங்க எல்லாரும்."

பூதக்கண்ணாடி தன்னைப் பற்றிய புகழைக் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு நேராகக் கழிவறைக்குப் போனார். கதவைத் தாழிட்டு, ஏழாவது பட்டனைப் பிடித்து இழுத்தார். கண்ணாடி பழுது பார்ப்பவரின் தையல் அல்லவா, நூல் அறுபடவில்லை; துணிதான் கிழிந்து பட்டனோடு வந்தது. ஆறு பட்டனும் ஓர் ஓட்டையுமாக, இரண்டு மணிக்கு ராக்கெட்டின் கீழே போய் நின்றார்.

"நங்கூரமா?"

நங்கூரம் ஓடி வந்து கட்டிக்கொள்ளக் கை நீட்டியவர், பாதியில் நின்றார். லிஃப்ட் கயிற்றில் ஒரு இழை பிரிந்தாலும் கண்டுபிடிக்கிற கண். அது ஓட்டையில் போய் நின்றது. பிறகு முகத்துக்கு வந்தது.

"அப்போ அங்க நின்னது நீங்கதானா?"

"ஆமா."

"எப்போ தெரிஞ்சுது?"

"மூணு வாரம் இருக்கும். நீங்க அப்பவே தெச்சு முடிச்சிட்டீங்க, அதான்..."

"ஒரு பட்டன் தைக்க எவ்வளவு நேரம்யா ஆகும்?"

பதினான்கு பக்கம் எழுதியவர் ஓட்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"மார்க் போனா போகுது" என்றார் நங்கூரம். "அந்த நடுவர் முன்னாடி உங்களுக்காக மேசையத் தட்டினேனே, அத என்ன பண்றது?"

"வாங்க. நானே சொல்லிடறேன்."

நடுவர் சாப்பிடப் போயிருந்தார். நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். இரண்டு தளபதிகளும் காலி மேசைக்கு முன்னால் நின்றார்கள்.

கடைசியில் நங்கூரம் தன் காலைக் குனிந்து பார்த்தார்.

"பூட்ஸுக்கு மூணு கொக்கின்னு எழுதினீங்களே. அது?"

"அது சரிதான்" என்று பழக்க தோஷத்தில் வாய் வரை வந்துவிட்டது. பூதக்கண்ணாடி அதை விழுங்கினார்.

"இருட்டுக் காட்சிய வெச்சு எழுதினது. நிச்சயமா சொல்ல முடியாது."

நங்கூரம் மேசை விளிம்பில் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார்.

"எந்தக் காட்சி? சொல்லுங்க."