பெரிய பிடிலுக்கு வாத்தியார்

சின்ன துரைக்குப் பெரிய பிடில் வாசிக்கச் சொல்லிக்கொடு, கிறிஸ்துமஸ் ஆட்டத்தன்று அவர் மேடையில் நிற்க வேண்டும், அதற்கப்புறம் நீ மதராஸ் போகலாம் என்று பெரிய துரை சொன்னபோது அம்மாசி அதை அப்படியே நம்பினான். அதுதான் அவன் செய்த முதல் மடத்தனம். இரண்டாவது மடத்தனம், உண்மையாகவே சொல்லிக்கொடுத்தது.

நாகலூரை அடுத்த காப்பி எஸ்டேட்டில் பழம் அரைக்கிற மிஷின் அவன் பொறுப்பு. துரைமார் ஜோடி ஆட்டம் ஆடுகிற சாயங்காலங்களில் மட்டும் கையைக் கழுவிக்கொண்டு ஏற்காடு கிளப்புக்குப் போய் டபுள் பேஸ் வாசிப்பான். ஆளை விட உயரமான அந்த வாத்தியத்துக்கு கூலிகள் குடியிருக்கிற லைனில் பெரிய பிடில் என்று பேர். அவன் அதற்கு வந்த கதையே ஒரு கூத்து. வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற கூலியாகத்தான் முதலில் கிளப்புக்குள் நுழைந்தான். வாசித்துக்கொண்டிருந்த கோவாக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வேறு ஆள் வேண்டும். எஸ்டேட் ஆள் துரைமார் முன்னால் உட்காரக் கூடாது என்பது கிளப் சட்டம். பேண்டிலேயே நின்றுகொண்டு வாசிக்கிற வாத்தியம் இது ஒன்றுதான். ஆகவே அம்மாசி வித்வான் ஆனான். ஞானத்தைப் பார்த்து யாரும் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவன் காலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் பேண்டு மாஸ்டர் மெனேசஸ் அவனுக்கு ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தார். விரல் தப்பினால் மணிக்கட்டைப் பிடித்துத் திருகி, வலிக்க வலிக்கச் சரியான இடத்தில் வைப்பார். எந்தப் பாட்டு எங்கே போகும் என்று மனப்பாடம் பண்ண விடமாட்டார். பியானோக்காரரின் இடது கையைக் கேள், அது போகிற இடத்துக்கு ஒரு நொடி முன்னால் நீ போய் நில் என்பார். அந்தக் காது வருவதற்கு அம்மாசிக்கு நாலு வருஷம் பிடித்தது. வந்தபிறகு, கேட்டேயிராத பாட்டைப் போட்டாலும் அவன் தடுமாறுவதில்லை.

இப்போது மெனேசஸுக்கு மதராஸில் பெரிய ஓட்டல் ஒன்றில் பேண்டு நடத்த வேலை கிடைத்திருந்தது. தினமும் ஆட்டம், வாராவாரம் கப்பலில் வந்திறங்கும் புதுப் பாட்டு. டபுள் பேஸுக்கு அம்மாசிதான் வேண்டும் என்றார். வருஷம் முழுக்க வாசிப்பையே வேலையாக வைத்துக்கொண்டு பிழைப்பது என்ற எண்ணமே அம்மாசிக்குக் கிறுகிறுப்பாக இருந்தது. மிஷின் இல்லை, அட்டைக்கடி இல்லை, மேஸ்திரியின் விசில் இல்லை. ஆனால் துரை உத்தரவு இல்லாமல் லைன் ஆள் மலையிறங்க முடியாது. இறங்கினவனைச் சேலம் வரை ஆள் விட்டுப் பிடித்து வருவார்கள். அதனால்தான் நிபந்தனைக்குத் தலையாட்டினான்.

சின்ன துரை, பெரிய துரையின் தங்கை மகன். காப்பிக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை, மேடை மேல் ஆசை. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அம்மாசிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

காப்பி ஸ்டோரில், மூட்டைகளுக்கு நடுவே பாடம் தொடங்கியது. பெரிய துரை முதல் நாளே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

"வாயில சொல்லு. குச்சியில காட்டு. கை மேல கை படக் கூடாது. தெரியுதா?"

"சரிங்க தொரை."

தொடாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவனைக் கரையிலேயே கட்டிப்போட்டது மாதிரி இருந்தது அவனுக்கு. சின்ன துரையின் கட்டைவிரல் வாத்தியத்தின் கழுத்துக்குப் பின்னால் நிற்காமல் மேலே மேலே ஏறி வந்தது. மற்ற விரல்கள் படுத்துவிட்டன. கம்பியை இழுத்தால் சத்தம் பொத்துப் பொத்தென்று விழுந்தது. அம்மாசி காப்பிக் குச்சியை வைத்துக்கொண்டு, இங்கே, இங்கே என்று காட்டியே ஓய்ந்தான். காதைப் பழக்க நாள் இல்லை என்று, வாத்தியத்தின் கழுத்தில் சுண்ணாம்பால் புள்ளி வைத்தான். கிளப்பில் எப்போதும் போடுகிற பத்துப் பன்னிரண்டு பாட்டுக்கு மட்டும், எந்தப் புள்ளிக்குப் பின் எந்தப் புள்ளி என்று சொல்லிக்கொடுத்தான். குறுக்கு வழிதான். கிறிஸ்துமஸ் வரை தாங்கினால் போதுமே.

தாங்குகிற மாதிரி தெரியவில்லை. மார்கழி பிறந்துவிட்டது. அன்றைக்கு ஒரே இடத்தில் ஏழெட்டுத் தடவை கட்டைவிரல் ஏறியது. அம்மாசிக்குத் தலைக்குள் என்னவோ அறுந்தது. குச்சியை வீசிவிட்டு, சின்ன துரையின் மணிக்கட்டைப் பிடித்து ஒரே திருகாகத் திருகி, கட்டைவிரலை இழுத்து அதன் இடத்தில் வைத்து அழுத்தினான்.

சின்ன துரை முகம் சிவந்துபோனது. அம்மாசிக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. பிடியை விடவில்லை.

"இழுங்க" என்றான்.

கம்பி அதிர்ந்தது. மூட்டைகளெல்லாம் கேட்கும்படி சத்தம் உருண்டு திரண்டு வந்தது. சின்ன துரை வாயைப் பிளந்துகொண்டு கையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். பெரிய துரையிடம் சொல்லவில்லை. அதற்கப்புறம் பாடம் தொட்டுத்தான் நடந்தது. கை நாளுக்கு நாள் சரியானது.

கிறிஸ்துமஸ் ஆட்டத்தில் சின்ன துரை வாசித்தார். பழைய பாட்டுகள்தான், ஒன்றிலும் தவறவில்லை. சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாசிக்கு, வெட்கக்கேடு, பெருமையாகக்கூட இருந்தது. மெனேசஸ் கூட்டிவந்திருந்த மதராஸ் ஓட்டல் மேனேஜர் முன்வரிசையில் உட்கார்ந்து காலால் தாளம் போட்டார்.

மறுநாள் காலை மெனேசஸ் மிஷின் வீட்டுக்கே வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பழத்தோல் குவியலைப் பார்த்தபடி பேசினார்.

"அம்மாசி, மேனேஜர் வேற மாதிரி முடிவு பண்ணிட்டார். வெள்ளைக்காரப் பையன் நின்னு வாசிச்சா ஓட்டலுக்கு கௌரவம்ங்கிறார். சின்ன தொரைக்கும் சந்தோஷம். பெரிய தொரையும் சரின்னுட்டார்."

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"நான் என்ன சொல்ல முடியும்? நானே அங்கே புதுசு."

"உங்க காதுக்குத் தெரியாதுங்களா, அவருக்கு எவ்வளவு வருமுன்னு?"

மெனேசஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டார். அந்தத் தொப்பியைப் பிடுங்கி மிஷினுக்குள் போட வேண்டும் போலிருந்தது அம்மாசிக்கு. நாலு வருஷம் தன் மணிக்கட்டைத் திருகிய மனிதருக்கு, ஒரு நிமிஷம் வாயைத் திறக்கத் தைரியம் இல்லை. பெரிய துரை மீது வந்த கோபத்தை விட இந்தக் கோபம் அதிகமாக எரிந்தது.

மத்தியானம் சின்ன துரை லைனுக்கே வந்துவிட்டார். அம்மாசியின் பெண்சாதி சென்னம்மாள் வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். சின்ன துரைக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. தன்னால் யாருக்கு என்ன போயிற்று என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை.

"அம்மாசி, நீயும் மதராஸ் வா. பிடில் தூக்கு. என் ரூம் பக்கத்தில் இடம் தரேன். எனக்கு மறந்தால் சொல்லிக்கொடு. நல்லது, இல்லே?"

கையில் இருந்த விறகுக்கட்டையை அம்மாசி மெதுவாகக் கீழே வைத்தான். தன் வேலையை எடுத்துக்கொண்ட கையே, பிடிலைத் தூக்கிவரச் சொல்லிக் கூப்பிடுகிறது. அதுவும் நட்பாக.

"நான் வரலீங்க."

"சரி, சரி. போறதுக்கு முன்னாலே இன்னும் என்ன கத்துக்கணும், சொல்லு."

அம்மாசி அவர் முகத்தைப் பார்த்தான். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. சுண்ணாம்புப் புள்ளி அந்தப் பன்னிரண்டு பாட்டுக்குத்தான். புதுப் பாட்டு போட்ட முதல் நாளே நீங்கள் மேடையில் மரமாக நிற்பீர்கள். பியானோவைக் கேட்கப் பழகுங்கள். இதை மறைக்கிற வாத்தியார் வாத்தியாரே இல்லை, அது அவனுக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்லீங்க. உங்களுக்கு எல்லாம் வந்துருச்சுங்க" என்றான்.

சின்ன துரை சந்தோஷமாகக் கிளம்பிப் போனார். காப்பிச் செடிகளுக்கு நடுவே அவர் தலை மறைகிற வரை சென்னம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, புள்ளி வச்ச பாட்டு மட்டுந்தான் அவருக்கு வருமுன்னு சொன்னீங்களே?"

"ஆமா."

"அப்ப அங்க போயி அசிங்கப்படுவாருங்களே."

"படட்டும் புள்ள. நொம்ப நல்லாப் படட்டும்."

"பட்டா எங்கீங்க வருவாரு? நேரா இங்கதான் வருவாரு. மிச்சத்தையும் சொல்லிக்குடுன்னு பெரிய தொரை உங்களைத்தான் நிக்க வெப்பாரு. நாலு வருசம் ஆகுமுன்னு சொன்னீங்க, நாலு வருசமும் சொல்லிக்குடுங்க."

பழி வாங்கிவிட்டதாக நினைத்த அம்மாசியின் நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்தினாற்போல் இருந்தது. அவர் தோற்றாலும் இவனுக்கு மிஷின்தான். ஜெயித்தாலும் இவனுக்கு மிஷின்தான்.

"அவரு திரும்பி வர்றப்ப நாம இங்க இருக்கக் கூடாது" என்றான்.

"புடிச்சுட்டு வர ஆள் உடுவாங்களே."

"உடட்டும். புதுப் பாட்டு போட்ட அன்னிக்கு அந்த ஓட்டல்ல பேஸ் வாசிக்க ஆள் இருக்காது. நான் வாசல்ல நிப்பேன். மெனேசஸ் என் மூஞ்சியப் பாத்து இல்லைன்னு சொல்லட்டும் பாக்கலாம்."

சென்னம்மாள் உள்ளே போய், இருந்த ராகியை இரண்டு பங்காகப் பிரித்து ஆளுக்கொரு மூட்டை கட்டினாள். மெயின் ரோட்டில் மேஸ்திரி ஆட்கள் இருப்பார்கள், குப்பனூர்ப் பக்கம் இறங்கினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று மட்டும் உள்ளேயிருந்து சொன்னாள்.

தன் மூட்டையை அம்மாசி தோளில் போட்டுப் பார்த்தான். மெனேசஸ் மேல் வந்த கோபம் தணிந்துவிடக் கூடாது என்றுதான் அவன் நினைத்தான். மதராஸ் வரை அது வேண்டியிருந்தது.