சரி பண்ணிட்டுச் சொல்லலாம்

என் மனைவி பல்கலைக்கழக உயிரியல் துறையில் ஆய்வகப் பொறுப்பாளர். மாதிரிகள் உறைந்து கிடக்கும் தொட்டிகளில் திரவ நைட்ரஜன் ஊற்றுவது அவளுடைய வேலைகளில் ஒன்று. ஊற்றும்போது வெள்ளைப் புகை தரையெல்லாம் பரவும். "மேகத்துல நடக்குற உத்தியோகம். சம்பளம் மட்டும் தரையிலதான் கிடக்கு" என்பாள்.

அந்த நைட்ரஜன், அறையிலுள்ள நல்ல காற்றை ஒதுக்கித் தள்ளிவிடும். வாசனை கிடையாது, தொண்டை கரிக்காது. மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம் என்றே தோன்றும்; விழுந்துவிடுவோம். அதற்காகத்தான் சுவரில் காற்றை வெளியேற்றும் பெரிய விசிறி வைத்திருந்தார்கள். அது நின்றுபோயிருந்தது. நின்றது தெரிந்ததே, அவளுடைய உதவியாளன் உள்ளே சுருண்டு விழுந்த பிறகுதான்.

இவள்தான் அவன் காலைப் பிடித்து நடைக்கு இழுத்துப் போட்டாள். கண்ணைத் திறந்தவன், "அக்கா, டீ வந்துருச்சா?" என்று கேட்டானாம். கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அவன் பெயர் கும்பகர்ணன். சாகப் பிழைக்கக் கிடந்தவன் கதை, வேலை நேரத்தில் தூங்கியவன் கதையாகிவிட்டது.

அன்று மாலையே அவள் துறைத்தலைவரிடம் போனாள்.

"சார், துணைவேந்தர்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. ஆள் விழுந்திருக்கான்."

"எழுந்துட்டான்ல மேடம்?"

"அடுத்து விழுறவங்களும் எழுந்திருப்பாங்களா சார்?"

"முதல்ல விசிறியைச் சரி பண்ணிடுவோம். சரி பண்ணிட்டுச் சொன்னா கௌரவமா இருக்கும்."

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் மகளுக்குக் காய்ச்சல் முற்றியபோது தன் காரையே அனுப்பியவர். ஆனால் அவருக்கு முன்னால் இருந்த தலைவர், ஒரு பிரச்சினையோடு மேலே போய், சபை நடுவே வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். 'பிரச்சினையைத் தூக்கிட்டு வராதீங்க, தீர்வைத் தூக்கிட்டு வாங்க' என்று சொல்லி அனுப்பினார்களாம். அன்று முதல் அந்தத் துறையில் அதுவே வேதவாக்கு. சரியாகாத எதுவும் மாடிப்படி ஏறாது.

விசிறியின் மோட்டார் கருகியிருந்தது. புதிது வாங்க வேண்டும். அதற்குத் துணைவேந்தர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

துணி மடித்துக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள்: "விசிறி வந்தாத்தான் சொல்லுவாராம். சொன்னாத்தான் விசிறி வரும். கிணத்துல விழுந்தவனை, மேல வந்து கயிறு வாங்கிட்டுப் போன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"நீயே நேரா போய்ச் சொல்லேன்."

"போனேங்க. வாசல்லயே நிறுத்தி, தலைவர் மூலமா வாங்கன்னு அனுப்பிட்டாங்க."

அதுவரைக்கும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். தானாக மூடிக்கொள்ளும் அந்தக் கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுப்பது. அவள் ஊற்றும்போது கும்பகர்ணன் வாசலில் நிற்பது.

கருத்தரங்கு நடந்த அன்று பக்கத்து அரங்கில் விருந்தினருக்கு நாற்காலி போதவில்லை. கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்ததை யாரோ எடுத்துப் போனார்கள். யார் என்று யாருக்கும் நினைவில்லை. பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. கும்பகர்ணனைத் தலைவர்தான் தண்ணீர் பாட்டில் எடுத்துவரச் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் உள்ளே முதுகைக் காட்டி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நான் மருத்துவமனைக்குப் போனபோது முகம் வரை மூடியிருந்தார்கள். குளிருக்காக அணியும் தடித்த கையுறைகளைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. நான் கழற்றினேன். உள்ளே அவள் கை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

துணைவேந்தர் வீட்டுக்கு வந்தார். துறைத்தலைவரும் கூட வந்தார்.

"தகவல் வந்த உடனே கிளம்பிட்டேன். அரை மணி நேரத்துல எனக்குச் சொல்லிட்டாங்க" என்றார் துணைவேந்தர். பிறகு, "விசிறி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. பொய்யாக இருந்தால் வெறுப்பதற்காவது ஒரு முகம் கிடைத்திருக்கும்.

"அம்மா உங்ககிட்ட சொல்ல வந்தாங்களே" என்றாள் மகள். துணைவேந்தர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தரையைப் பார்த்தார்.

புதிய விதி வந்தது. பெரிய விபத்தோ, நூலிழையில் தப்பிய விபத்தோ, அன்றன்றைக்கே துணைவேந்தர் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கதவுக்குக் கதவு தொலைபேசி எண் ஒட்டினார்கள். விசிறியும் சுற்றுகிறது.

போன வாரம் கும்பகர்ணன் வீட்டுக்கு வந்தான். வந்தால் அவள் படத்துக்கு எதிரே உட்கார மாட்டான், வாசலோரம்தான்.

"மாடி ஆய்வகத்துல நீராவிக் கலத்தோட மூடி தெறிச்சிருச்சு மாமா. ஒரு பொண்ணு தோளை உரசிட்டுப் போச்சு. ஒரு சாண் தள்ளி நின்னிருந்தா தலை."

"மேல சொல்லியாச்சா?"

"புது மூடி மாட்டிட்டுச் சொல்லலாம்னு தலைவர் சார் சொல்லிட்டாரு."

"கதவுல நம்பர் இருக்கே. நீ சொல்லுடா."

"எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை மாமா" என்றான். அழுதான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அவன் போன பிறகு நானே அந்த எண்ணுக்கு அழைத்தேன். ஒரு பெண் மிகவும் பணிவாகப் பேசினாள்.

"நீங்க இங்க பணியாளரா சார்?"

"இல்லைம்மா. என் மனைவி அங்க வேலை பார்த்தவ."

"பணியாளர் சொன்னாத்தான் சார் பதிவு பண்ண முடியும். அவங்களையே ஒரு தடவை பேசச் சொல்லுங்களேன்."

சரி என்றேன்.