வேட்டுக்கும் காதுக்கும் நடுவே

சுல்தானின் கார் சுண்ணாம்பால் இழுத்த எல்லைக் கோட்டைத் தாண்டியதும் ஸ்டாப் வாட்சின் பொத்தானை அழுத்தினேன். முள் ஐம்பத்தெட்டில் நின்றது. இன்னொரு முறை பார்த்துவிட்டு நோட்டில் எழுதினேன். சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்து எண்ணை ஊகிக்க முயன்றார்கள். என் முகத்தில் எதுவும் தெரியாது. என் மனைவி சூசைமேரி இறந்து பதினாலு மாதமாக அப்படித்தான்.

ஆலங்குடிக்குத் தெற்கே முந்திரிக் காட்டுக்கு நடுவில், யுத்த காலத்தில் பட்டாளத்தார் போட்டுவிட்டுப் போன ஓடுபாதை அது. ஒன்றேகால் மைல் நீளம். விமானம் இறங்கிப் பார்த்தவர் யாரும் இல்லை. கடலை காயப்போடத்தான் பயன்பட்டது. 1959 மாசியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கடலையை ஓரமாகத் தள்ளிவிட்டு அதில் கார் ஓட்டினார்கள். ஏற்பாடு கடலை மில் முதலாளி ஆவுடையப்பன். நொடித்துப்போன ஜமீன் வீடுகளில் ஏலத்துக்கு வந்த பழைய கார்களை வாங்கி வைத்திருந்தவர். திருச்சியிலிருந்து இரண்டு டாக்டர்களும் ஒரு வக்கீலும் தங்கள் கார்களோடு வந்தார்கள். நான் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். பள்ளிக்கூடத்தில் ஸ்டாப் வாட்ச் இருந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் ஞாயிறு, யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம் என்று விட்டார்கள். கணக்கும் கிடையாது, முதலும் கடைசியும் கிடையாது. டாக்டர்கள் சிரித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தார்கள். சந்தோஷமாக இருப்பவர்களுக்கான விளையாட்டு. பத்து நிமிடத்தில் எனக்கு அலுத்துவிட்டது. மூன்றாவது ஞாயிறு, பழைய கார்கள் மட்டும் சேர்ந்தாற்போல் ஓடும் பந்தயம். அது தேர்த் திருவிழா மாதிரி, கூட்டமும் புழுதியும். எனக்குப் பிடித்தது நடுவில், இரண்டாவது ஞாயிறு வந்த கடிகார ஓட்டம்தான். ஒரு நேரத்தில் ஒரே கார். உள்ளே ஒரே ஆள். முன்னால் யாரும் இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு மைல் போய்ச் சேர்ந்தால் ஓர் எண் கிடைக்கும். எழுதிக்கொள்ளலாம். என் நாட்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன.

முகம்மது சுல்தான் மீமிசல்காரன். ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். ஆவுடையப்பனின் முப்பத்துநாலு வருஷத்துப் பழைய காரைப் பிரித்துப்போட்டு எட்டு மாதமாக உயிர் கொடுத்தவன் அவன். சோழவரத்தில் அடுத்து நடக்கும் பந்தயத்தில் அந்தக் கார் ஓடப்போகிறது. யார் ஓட்டுவது என்பதுதான் பேச்சு. ஆவுடையப்பனின் மைத்துனருக்கு ஆசை இருந்தது. "மைலை அறுவது செகண்டுக்குள்ள தொட்டுட்டா நீயே ஓட்டுப்பா" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார் முதலாளி. இப்போது ஐம்பத்தெட்டு. சுல்தான் காரைவிட்டு இறங்கி, நோட்டை எட்டிப் பார்த்து, காரின் மூக்கைத் துண்டால் துடைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் கண்மாய்க் கரையில் நின்றேன். எதிர்க் கரையில் ஒருவர் கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தார். துணி கல்லில் விழுந்தது. அவர் அதை மறுபடி தூக்கினார். கை தலைக்கு மேல் போன பிறகுதான் சத்தம் எனக்கு வந்தது.

சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

இந்தப் பக்கம் எதைத் தொடங்கினாலும் வேட்டுப் போட்டுத்தான் தொடங்குவார்கள். கோயில் தேரானாலும் சரி, ஆவூர் சர்ச்சுத் தேரானாலும் சரி. கார் ஓட்டத்துக்கும் வேட்டுக்கார ராக்கன் தன் வெடிமருந்து கெட்டிக்கும் இரும்புக் குழாயைக் கொண்டுவந்திருந்தான். அவன் வேட்டுப் போட்டதும் கார் கிளம்பும். மைலின் மறுமுனையில் நின்ற நான் அதே சத்தத்தைக் கேட்டு வாட்சை முடுக்கினேன். ஒரு மைல் கடக்கச் சத்தத்துக்கு ஏறக்குறைய ஐந்து செகண்டு வேண்டும். வருஷாவருஷம் இதைப் பாடமாகச் சொல்லித்தருகிறவன் நான். சுல்தான் ஐந்து செகண்டு ஓடிய பிறகுதான் என் வாட்ச் ஓடத் தொடங்கியிருக்கிறது.

சூசைமேரி புதுக்கோட்டையில் பிரசவத்தில் குழந்தையோடு போனபோது நான் திருச்சியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தந்தி வர நாலு மணி நேரம் ஆனது. அந்த நாலு மணி நேரத்தில் நான் டீ குடித்தேன். யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரித்தேன். குழந்தைக்குப் பெயர்கூட யோசித்தேன்.

அதற்குப் பிறகு எதையும் சரிசெய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. இதைச் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது.

சாயங்காலம் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். சுல்தான் லாரிக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே வரச் சொல்லி, நேராகச் சொன்னேன்.

அவன் விரல்விட்டு எண்ணினான். "அப்ப அம்பத்தெட்டு இல்ல. அறுவத்திமூணு."

"ஆமா."

"எல்லாருக்கும்தான அஞ்சு கூடும்? அப்பவும் நான்தான முன்ன?"

"நீதான். ஆனா அறுவதுக்குள்ளன்னுல்ல பேச்சு."

"வேற யாருக்கும் தெரியுமா சார்?"

"தெரியாது."

பனியனில் கையைத் துடைத்தான். கரி போகவில்லை. மறுபடி துடைத்தான். "சோழவரத்துல இந்தக் கூத்தெல்லாம் நடக்காதுல்ல? அங்க போயி அறுவத்திமூணுல வந்து நின்னா, ஆலங்குடியில கடிகாரம் எதுவும் கெடையாதான்னு கேப்பாங்ஙெ." பிறகு சட்டையை எடுத்து மாட்டினான். "வாங்க, போயி சொல்லிப்புடுவோம். நீங்க தனியாப் போனா இங்கிலீசு பேசி மொதலாளியக் கொழப்பிருவீங்க."

ஆவுடையப்பன் மில் வாசலில் முழுவதையும் கேட்டார். "அடைக்கலம் வாத்தியாரே, நீரு சொல்லலைன்னா இது யாருக்குய்யா தெரியப் போவுது?" என்றார்.

"எனக்குத் தெரியுமே."

"வாத்தியார வச்சுக் கடியாரம் பாத்தது என் தப்பு." சுல்தானைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி. ஞாயித்துக்கெழம பந்தயத்துக்கு முன்னாடி ஒரு தடவ ஓட்டு. கொடி வச்சு. அதுலயும் வரலைன்னா என் மச்சினன்தான் ஓட்டுவான், பாத்துக்க."

திரும்பி வரும்போது சுல்தான் காரைப் பற்றியே பேசினான். முழு வேகத்தில் அதற்குப் பெட்ரோல் பத்தாது. பழைய கார்களில் டாங்கிக்குள் கையால் காற்றடித்துத்தான் பெட்ரோலை முன்னுக்குத் தள்ள வேண்டும். தனியாக ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அடிக்க வேண்டும். அங்கேதான் நேரம் போகிறது. "பழைய கார் பந்தயத்துல ரெண்டு பேரு ஒக்காரலாம். ஞாயித்துக்கெழம அந்த விதிதான். மொதலாளியும் வேணாம்னு சொல்லமாட்டாரு. நீங்க ஏறி அடிங்க சார்."

"நான் எதுக்கு? ஒங்க கடையில ஆளு இல்லையா?"

"இருக்கான். எரநூறு பவுண்டு. நீங்கதான் காத்தடிச்சாப் பறக்குற மாதிரி இருக்கீங்க. ஒழுங்காச் சாப்புடுறதுல்லைல்ல, அது இதுக்காச்சும் ஒதவட்டும்."

பதினாலு மாதமாக அதை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாட்சை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. டாக்டர்களும் மைத்துனரும் அவரவர் காரோடு தொடக்க முனையில் நின்றார்கள். எல்லைக் கோட்டுப் பக்கம் சுக்குக் காப்பி விற்ற செவந்தி மட்டும் பேச்சைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அவளிடமே வாட்சை நீட்டிச் சொன்னேன்.

"அங்க தூரத்துல மூங்கில்ல ஒரு வேட்டி தொங்குது பாத்தியா? அது கீழ எறங்குனதும் இத அமுக்கணும். கார் இந்தக் கோட்டத் தாண்டுனதும் மறுபடி அமுக்கணும். சத்தத்தக் காதுல வாங்கவே கூடாது."

"யாரு வேட்டி அது?"

"ராக்கன் வேட்டி."

"அப்ப அவன் என்னத்தக் கட்டிக்கிட்டு நிக்கிறான்?" வாட்சை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "எனக்கு இதுல மணி பாக்கத் தெரியாதுங்க சார்."

"பாக்க வேண்டாம். அமுக்குனதோட அப்படியே கொண்டா."

தொடக்க முனைக்குப் போய், காரின் இடது சீட்டில் உட்கார்ந்தேன். பம்பின் பித்தளைப் பிடி வெயிலில் சுட்டது. வேட்டி இறங்கியது. கார் பின்னால் இழுத்துப் பிறகு பாய்ந்தது. நான் அடித்தேன். தகரம் போன்ற காற்று முகத்தில் மோதியது. முந்திரிப் பூவின் வாசம் கோடாக வந்து போனது. பாதி தூரத்தில் இன்ஜின் ஒரு முறை தும்மியது. "அடிங்க சார்" என்றான் சுல்தான், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். அடித்தேன். உள்ளங்கைத் தோல் வழன்றது தெரிந்தது. வலித்தது. வலிப்பது வினோதமாக இருந்தது. இன்ஜின் சத்தம் மறுபடி ஒரே சீராக ஏறியது. கோடு எங்களுக்கு அடியில் போய்விட்டது. கார் முனை வரை ஓடி, கடலைச் சருகில் சறுக்கி நின்றது.

சுல்தான் இன்ஜினை அணைத்தான். இருவரும் இறங்கவில்லை.

"எவ்வளவு இருக்கும் சார்?"

"தெரியல." எனக்குத் தெரிந்தாக வேண்டும்போல் இருந்தது. திரும்பிச் சீட்டின் மேல் முழங்காலிட்டுப் பின்னால் பார்த்தேன்.

வெள்ளை வெயிலில் செவந்தி வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. காப்பிக் கடையை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் குவித்து, அதற்குள் வாட்சை வைத்து, விளிம்பு வரை நிறைந்த பாத்திரத்தைக் கொண்டுவருகிறவள்போல, அடி மேல் அடியாகப் பார்த்துப் பார்த்து எங்களை நோக்கி நடந்து வந்தாள்.