நாத்தனாரின் பக்கத்தில் ஒரு நாற்காலி

டயாலிசிஸ் இயந்திரத்துக்கு நாத்தனார் என்று பெயர் வைத்தவள் என் மனைவிதான். "இருக்கிறதையெல்லாம் உறிஞ்சிட்டு, போனாப் போகுதுன்னு திருப்பிக் குடுக்கிறா. நான் கொஞ்சம் சிரிச்சாப் போதும், பொறுக்காது, கத்த ஆரம்பிச்சிடுவா" என்பாள். உண்மைதான். ஊசி ஏற்றியிருக்கும் இடது கையைச் சற்று மடக்கினாலும் குழாயில் அழுத்தம் மாறி அது அலறும். அவளுக்கோ கையை ஆட்டாமல் சிரிக்கத் தெரியாது. இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்திருக்கும் மகள், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே ஒரு கையால் பொத்தானை அழுத்தி ஒலியை நிறுத்துவாள். மறு கை நீண்டு அம்மாவின் முழங்கையை நேராக்கும். எட்டிப் பார்க்கும் செவிலியரிடம், "ஒண்ணுமில்லக்கா, அம்மா சிரிச்சிட்டாங்க" என்பாள். முதலில் திட்டிய செவிலியர் பிறகு விட்டுவிட்டார். நான் கால்மாட்டில், அச்சகத்து மெய்ப்புத் தாள்களைத் திருத்திக்கொண்டிருப்பேன். மூன்று பேரும் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பேசியதெல்லாம் அந்த அறையில்தான்.

உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கப் போவதாக மகள் முடிவெடுத்ததும் அங்கேதான். எந்தப் பல்கலைக்கழகம் என்பதில்தான் சண்டை. இரண்டு இடத்தில் கிடைத்திருந்தது. ஒன்று எங்கள் ஊரிலேயே, பேருந்து கடைசியாக நிற்கும் இடத்தில். நல்ல ஆசிரியர்கள், ஆனால் பெரிய இயந்திரங்களைப் படத்தில்தான் பார்க்க வேண்டும். மற்றது பகல் முழுக்க ரயிலில் போகும் தூரம். அங்கே மருத்துவமனையும் ஆய்வகமும் ஒரே வளாகத்தில்.

"பஸ்ல போயிட்டு வந்துடுவேம்மா. எங்க படிச்சாலும் பாடம் ஒண்ணுதான்."

"என் கட்டிலைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு, அதுக்குள்ள காலேஜ் தேடுறியேடி. என்னங்க, நீங்களாவது சொல்லுங்களேன். எழுத்துப்பிழை இருந்தாத்தான் வாயத் திறப்பீங்களா?"

கையை ஆட்டினாள். நாத்தனார் கத்தினாள்.

தூரத்துப் பல்கலைக்கழகத்தில் பெற்றோர் வந்து பார்க்க ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். நானும் வருவேன் என்று மனைவி பிடித்த பிடியை விடவில்லை. டயாலிசிஸுக்கு மறுநாளே கிளம்பினால் அடுத்த முறைக்குள் திரும்பிவிடலாம் என்று மருத்துவர் சம்மதித்தார். ஆய்வகத்தில் நுழைந்ததும் மூவரும் நின்றுவிட்டோம். அதே இயந்திரம். மாணவர்கள் பார்ப்பதற்காக அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். பக்கத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி. மனைவி குனிந்து உள்ளே பார்த்தாள். கொஞ்சம் குழாய்கள், கை அகலத்தில் பம்புகள், கற்றையாக ஒயர்கள். "இவ்வளவுதானா இவ?" என்றாள்.

பேராசிரியர் விளக்க ஆரம்பித்தார். அவளால் நிற்க முடியவில்லை போலிருக்கிறது, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் தன்னையறியாமல் சட்டைக் கையை மேலே சுருட்டி, இடது கையைக் கைப்பிடிமேல் மல்லாத்தி வைத்து, ஊசிக்குத் திருப்புவதுபோல முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். பேராசிரியர் பேச்சை நிறுத்தினார். செய்து காட்ட முன்வந்திருக்கிறாள் என்று நினைத்து யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்துவிட்டு எல்லோரையும்விட அதிகமாக அவள்தான் சிரித்தாள். "பழக்கதோஷம். என்னடா, இன்னும் குத்தலையேன்னு பாத்தேன்."

மகள் சிரிக்கவில்லை. ரயிலில் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "அங்க வேண்டாம்மா. அந்த நாற்காலியை தினம் பாத்துக்கிட்டு என்னால படிக்க முடியாது."

"நான் அதுல உக்காந்துட்டு வரலையா? நீ பாக்கக்கூட மாட்டியா?" கொஞ்ச தூரம் போனபின், வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "உள்ள இருக்கிறதப் பாத்ததும் எனக்கு பயம் போயிடுச்சுடி."

இடத்தை உறுதிசெய்ய இன்னும் நாள் இருந்தது. அதற்குள், டயாலிசிஸ் இல்லாத ஒரு காலையில், துணி மடித்துக்கொண்டிருந்தவளின் இதயம் நின்றது. பாதி மடித்த துண்டு மடியில் இருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். ஒரு நாள் மகள் தட்டைக் கழுவியபடியே, "நான் இங்கயே சேந்துடுறேம்ப்பா. நீங்க தனியா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"அந்த வட்டத்துக்கு நடுவுல இப்ப என்னைப் போடாத, கண்ணு."

சொல்லிவிட்டேன். அவள் அதைக் கேட்காமல் இங்கேயே சேர்ந்துவிட்டால் தேவலை என்றும் நினைத்தேன். குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "அங்க போய் இன்னொரு தடவை பாத்துட்டு வரலாமாப்பா?"

போனோம். பெற்றோர் வரும் நாள் இல்லாததால் ஆய்வகத்தில் கூட்டமில்லை. தகட்டை மூடி, வெறும் தண்ணீரை ஓடவிட்டு ஒரு மாணவி பயிற்சி செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அதே நாற்காலி. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மகள் மெல்ல நடந்து, இயந்திரத்துக்கு அந்தப் பக்கம், முக்காலி இருந்திருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றாள்.

மாணவி எதையோ திருகினாள். இயந்திரம் அலறியது.

நான் நாற்காலியைப் பார்த்தேன். மகளின் ஒரு கை தானாக உயர்ந்து பொத்தானை அழுத்தியது. அறை அமைதியானது. அவளுடைய மறு கை, ஒரு முழங்கையை நேராக்க நீண்டது; நாற்காலியின் கைப்பிடிக்கு மேலே, எதையும் தொடாமல், அப்படியே நின்றது.