மோர்க்கறை

எரிக்கிற துணிகளோடு சேர்த்துச் சுருட்டிய சட்டையை, சித்தியின் கையிலிருந்து பங்கஜவல்லி பிடுங்கினாள். அப்பாவின் சட்டை. இடது தோளிலிருந்து இடுப்புவரை மோர் வழிந்து காய்ந்து விறைத்துக் கிடந்தது.

"அத எதுக்குடி புடிச்சிக்கிட்டு நிக்கிற? குளிப்பாட்ட நேரமாவுது," என்றாள் சௌந்தரவல்லி சித்தி.

"ஆவட்டும். இந்த மோர ஊத்துனது யாரு?"

சித்தி வாசல் பக்கம் பார்த்தாள். ஊற்றியது யாரென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் கைலாசநாதன் வாசலில் பாடை கட்டுகிறவர்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

முந்தாநாள் சாயங்காலம் சந்தையிலிருந்து திரும்பும்போது அப்பா உத்திராபதி சாராயக்கடை முக்கில் விழுந்தார். வேறு ஊராக இருந்தால் நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள். காரைக்காலில் யார் வருவார்? எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு இருந்த காலம் அது. அங்கேயிருந்து பஸ் பிடித்து வந்து குடித்துவிட்டு விழுகிறவர்களைத் தாண்டித் தாண்டி ஊருக்குக் கால் பழகிவிட்டது. அவரையும் தாண்டிப் போனார்கள். வாய் குழற, ஒரு காலை இழுத்துக்கொண்டு அவர் எழுந்திருக்கப் பார்த்தபோது சிரித்தார்களாம். பக்கத்து வீட்டுத் திருஞானசம்பந்தம் போய், "ஒங்கப்பன் பழயபடி ஆரம்பிச்சிட்டாரு," என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் வண்டியில் அள்ளிப் போட்டு வந்து மாட்டுக்கொட்டகையில் கிடத்தினான். போதை தெளியட்டும் என்று புளித்த மோரை வாயில் ஊற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

விடிந்து, மூச்சு கொரகொரவென்று இழுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. கோட்டுச்சேரியில் வாழ்க்கைப்பட்டிருந்த பங்கஜவல்லி அடித்துப் பிடித்து ஓடி வந்தாள். டாக்டர் அவளிடம்தான் சொன்னார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடச்சிக்கிச்சும்மா. ரத்தம் போனாத்தான் பிராணவாயு போகும். அது இல்லாம மூளை கொஞ்ச நேரங்கூடத் தாங்காது. பேச்சு கொழறும், வாய் கோணும், ஒரு பக்கம் கை கால் வெளங்காது. பாக்குறவங்களுக்குக் குடிச்ச மாதிரிதான் தெரியும். முழுங்கவும் முடியாது. அந்த வாயில போயி எதையோ ஊத்தியிருக்கீங்க. அது நுரையீரல்ல எறங்கிடுச்சு. மூச்சும் அடைபட்டா, மிச்சமிருக்குற மூளைக்கு என்னதான் கெடைக்கும்?"

"அப்பவே கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பாருங்களா?"

"அப்பிடி உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஊத்தாமயாவது இருந்திருக்கலாம்."

நேற்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு உயிர் போய்விட்டது.

இப்போது கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி அடுத்தவளிடம் சொல்வது பங்கஜவல்லியின் காதில் விழுந்தது. "பொண்ணு தலையில அடிச்சி சத்தியம் பண்ணிட்டு, திரும்பக் குடிச்சா சாமி சும்மா விடுமா?"

அவள் தலைதான் அது. நிச்சயதார்த்தத்தன்று குடித்துவிட்டு வந்து சபையில் விழுந்த அப்பா, மறுநாள் அவள் தலையில் கை வைத்து அழுதார். அதற்குப் பிறகு பல்வலிக்குச் சாராயத்தில் ஒரு வாய் கொப்பளிக்கச் சொன்னபோதுகூடத் தொடவில்லை. பாவி மனுஷன், வலியோடே பல்லைப் பிடுங்கிக்கொண்டார்.

சட்டையோடு வாசலுக்கு வந்தாள்.

"ண்ணே, அப்பா வாய மோந்து பாத்தியா?"

கைலாசநாதன் நிமிரவில்லை. "எல்லாரும் இருக்கயில என்ன பங்கஜம் இது?"

"எல்லாரும் இருக்கயிலதான் கேக்குறேன். வாடை அடிச்சிச்சா?"

"அவரு கெடந்த எடம் அப்பிடிம்மா," என்றார் திருஞானசம்பந்தம்.

"எடத்தையா மாமா மோந்து பாப்பாங்க? மீனு வாங்குனா செவுளத் தூக்கித் தூக்கி மோந்து பாக்குறீங்கள்ல? மனுஷன் வாய மோந்து பாக்க ஒருத்தனுக்கும் மூக்கு இல்லாமப் போச்சா?"

வாசலில் அடித்துக்கொண்டிருந்த பறை நின்றுவிட்டது. திருஞானசம்பந்தம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். "இப்ப கேட்டு என்னடி ஆவப்போவுது," என்று சித்தி கையைப் பிடித்தாள். பங்கஜவல்லி உதறினாள்.

குளிப்பாட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக் கிடத்தினார்கள். வாய்க்கரிசித் தட்டை அண்ணன் எடுக்கப்போனபோது அவள் எடுத்துக்கொண்டாள்.

"அப்பா குடிக்கலன்னு சொல்லிட்டுப் போடு. ஊரு கேக்கச் சொல்லு."

அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"சொல்ல வரலயா? அப்ப இப்பவாச்சும் மோந்து பாரு."

யாராவது தடுப்பார்களா என்று கைலாசநாதன் சுற்றிலும் பார்த்தான். பிறகு குனிந்தான். அப்பாவின் கோணிய வாய்க்கருகே முகத்தைக் கொண்டுபோனவன் வெகுநேரம் நிமிரவில்லை. முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. பங்கஜவல்லி தட்டை நீட்டினாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிசியை அள்ளிப் போட்டான். அப்பா குடிக்கவில்லை என்று மட்டும் சொல்லவில்லை. பறை மறுபடி முழங்கியது. பாடை தெருமுனையில் திரும்பி மறைந்தது.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். சித்தி வாளியோடு வந்து, "அந்தச் சட்டையயாச்சும் குடு, அலசிப் போடுறேன்," என்றாள்.

பங்கஜவல்லி கொடுக்கவில்லை. வாசல் கொடியில் கிடந்த வேட்டிகளை ஓரமாகத் தள்ளினாள். சுடுகாட்டிலிருந்து எல்லோரும் திரும்பி வரும் பக்கம் பார்த்து, மோர்க்கறை தெரிய, சட்டையை விரித்துப் போட்டாள். காற்றில் பறக்காமல் இருக்க சட்டையின் இரண்டு கையையும் கொடியோடு முடிச்சுப் போட்டாள்.