வெர்னா தூவிய பனி

மேப்பிள் மரங்கள் இன்னும் இலை உதிர்க்கவில்லை. அதற்குள் பனிப்புயல் வரலாம் என்று ஆல்டனின் கருவிகள் காட்டின. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அவருக்கு வானிலை பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. எப்போதும் முதல் பனிக்கு ஏங்குகிறவர், இன்று பயந்தார். இலையுள்ள கிளையில் பனி தங்கினால் கிளை முறிந்து மின்கம்பியில் விழும். பக்கத்து வீட்டு வெர்னாவோ மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் கருவியால் மூச்சு விடுகிறவர்.

தன்னிடமிருந்த ஒரே ஜெனரேட்டரை ஆல்டன் வெர்னாவின் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“போன வருஷமும் இப்படித்தான் புயல் வருதுன்னு சொன்னே. உன்னை நம்பி வாங்கின ரொட்டியை ஒரு வாரம் தின்னேன்,” என்றார் வெர்னா.

“இந்தத் தடவையும் பொய்யாப் போகட்டும்னுதான் வேண்டிக்கிறேன். இது இங்கயே இருக்கட்டும்.”

“உன் வீட்டுக்கு?”

“எனக்கு விறகடுப்பு போதும். மூச்சு விடக் கரன்ட் வேணாமே!”

இரவு வெறும் மழைதான் பெய்தது.

“என்ன ஆல்டன், பனியை எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?” என்று காலையில் தபால்காரர் சிரித்துக்கொண்டே போனார்.

ஆல்டனும் நிம்மதியாகச் சிரித்தார். பிறகு, பனியை அளக்கப் புல்தரையில் போட்டிருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தார். அதன்மேல் மாவு சலித்துத் தூவியிருந்தது. வேலியோரம் சிறிய ஆக்சிஜன் உருளையைத் தோளில் மாட்டியபடி வெர்னா மூச்சிரைக்க நின்றிருந்தார். கையில் சல்லடை இருந்தது.

“கால் அங்குலம் இருக்கும். அளந்து பாரு.”

ஆல்டன் தொப்பியைக் கழற்றிக் கடவுளுக்கு நன்றி சொன்னார். பிறகு மண்டியிட்டு, அளவுகோலை மாவில் நிறுத்தினார்.

“அரை அங்குலம்,” என்று தாராளமாகக் கூட்டிச் சொன்னார். “உள்ள போங்க, குளிருது.”