தூஸ்யா வீட்டுத் தரை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பக்கத்து வீட்டு ஜன்னலடியில் பொறுக்கியது. ஜூன் மாதம், ஜன்னல் திறந்திருந்தது. என் வெங்காயப் பாத்தி அந்த ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. களை அங்கேதான் அதிகம் முளைக்கிறது என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

முப்பது வருடம் இந்த ஊரில் தபால் கொடுத்தவள் நான். யாருக்கு யார் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும் என்பார்கள். உறை ஒட்டிய கடிதங்களை நான் தொட்டதில்லை. (அஞ்சலட்டை வேறு விஷயம்.)

நகரத்து நூலகத்தில் ஊர் வரலாறுகளைத் தொகுக்கிறார்களாம், நான்கு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.

"ஏரிகளும் காடுகளும் சூழ்ந்த இந்தப் பழம்பெரும் நிலம் எத்தனையோ படைகளை—"

வேண்டாம். இந்த வாக்கியம் எப்படியும் "ஏரிக்கு எல்லை தெரியாது" என்று போய் முடியும். ஏரிக்குத் தெரியாவிட்டால் என்ன, எங்கள் மீன்பிடிக் காவலருக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும்.

"ஸ்வீடன்காரர்களும் நோவ்கரத்காரர்களும் இங்கே முதல் எல்லைக்கோடு போட்ட 1323ஆம் ஆண்டில்—"

இதுவும் வேண்டாம். நீங்கள் 1500ஐத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவீர்கள்.

"தூஸ்யா தரை கழுவுவதற்குப் பயப்படுவாள்."

இது சரி. இதை வைத்துக்கொள்வோம்.

2

தூஸ்யா என் பக்கத்து வீடு. முழுப் பெயர் யெவ்தகீயா பெத்ரோவ்னா. அந்தப் பெயரில் அவளைக் கூப்பிடுவது ஓய்வூதிய அலுவலகம் மட்டும். அவள் இருக்கும் வீட்டைக் கட்டியது ஒரு பின்லாந்துக் குடும்பம். ஊருக்கே அவர்கள் வைத்த பெயர் ஹிர்விலம்பி. பிற்பாடு ஏதோ ஓர் அலுவலகத்தில், ஊரைப் பார்த்தே இராத யாரோ, ஓஸெர்னொயே என்று மாற்றினார்கள். கடுப்பு வந்தால் நாங்கள் பழைய பெயரைச் சொல்வோம்.

இனி வருவது வரலாறு. பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள், ஒரு பத்திதான்.

1940இல் போர் முடிந்து எல்லை நகர்ந்தது, ஊர் எங்கள் நாட்டுக்கு வந்தது. பின்லாந்துக்காரர்கள் வீட்டைக் காலிசெய்து போனார்கள். பதினெட்டு வயது தூஸ்யாவைப் பெற்றோருடன் வோலக்தாவிலிருந்து ரயிலேற்றி இங்கே இறக்கினார்கள். 1941இல் எல்லை திரும்பி வந்தது, தூஸ்யா குடும்பம் ஓடியது. அடுத்த வருடம் பழைய குடும்பம் வந்து குடியேறியது. 1944 செப்டம்பரில் எல்லை மறுபடி நகர, அவர்கள் ஓடினார்கள். மறுவருடம் தூஸ்யா திரும்பினாள். ஐந்தே வருடம், ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவர்கள் புத்தகத்தில் இதற்குப் பறிகொடுத்தது என்று பெயர், எங்கள் புத்தகத்தில் விடுவித்தது என்று பெயர். இரண்டு புத்தகத்திலும் தரையைப் பற்றி ஒரு வரி கிடையாது. நான் தேடிப் பார்த்தேன்.

தரை விஷயம் இதுதான். எங்கள் வழக்கத்தில், ஒருவர் வெளியூர் கிளம்பினால் அவர் பின்னாலேயே தரை கழுவ மாட்டோம். கழுவினால் போனவர் திரும்ப மாட்டார். பிணம் எடுத்த வீட்டைத்தான் உடனே கழுவுவோம். 1940இல் தூஸ்யா கதவைத் திறந்தபோது பலகைத் தரை மணல் போட்டுத் தேய்த்து வெளுத்துக் கிடந்தது. ஒரு துரும்பு இல்லை. யாரோ செத்த வீடு என்று முடிவுகட்டி மூன்று நாள் குளியல் குடிசையில் படுத்தாள். அடுத்த வருடம் ஓடும்போது, திரும்பி வரவேண்டும் என்பதற்காகவே, தரையைக் குப்பையும் கூளமுமாக விட்டுப் போனாள்.*

1945இல் வந்து பார்த்தால் இந்தத் தடவை தரை முழுக்கச் சேற்றுச் செருப்புத் தடம். கழுவவில்லை. அப்படியென்றால் போனவர்கள் திரும்புவார்கள். அன்றைக்குப் பிடித்த பயம் நாற்பத்தாறு வருடம் அவளை விடவில்லை.

*அந்தக் குப்பையைப் பார்த்து, 1942இல் திரும்பி வந்த பின்லாந்துக் குடும்பத்து அம்மாள் எங்களைப் பன்றிகள் என்றாளாம், சாகும்வரை அதை மாற்றிக்கொள்ளவும் இல்லையாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

3

1991இல் எல்லை கொஞ்சம் தளர்ந்தது. பேருந்துகளில் பின்லாந்துக் கிழவர்கள் வந்து, பிறந்த இடத்தைப் பார்த்து அழுது, ஜாடியில் ஒரு பிடி மண் எடுத்துப் போனார்கள். எங்கள் ஊருக்கும் ஒரு பேருந்து வருகிறது என்று தெரிந்ததுமே தூஸ்யா வீட்டுப் பத்திரத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "வீட்ட எடுத்துக்கத்தான் வராங்க லீதா. எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். எடுத்துக்கொள்ளச் சட்டம் இல்லை என்றேன். எல்லை நகர்ந்தபோதெல்லாம் சட்டம் எங்கே போயிற்று என்று கேட்டாள். நான் வெங்காயத்துக்குத் திரும்பினேன்.

வந்தவள் பெயர் ஆய்லி, அந்த வீட்டைக் கட்டியவர்களின் மகள். அறுபத்தொரு வயது, நல்ல செருப்பு. கூடவே நகரத்து மொழிபெயர்ப்பாளன் தொய்வோ.

(ஆய்லியை எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகம். ரொம்ப நல்லவளாக வருகிறாள். அதனால் இதையும் போட்டுவிடுகிறேன்: வாசலில் நின்று ஆப்பிள் மரங்களை விரல்விட்டு எண்ணினாள். இரண்டு தடவை. உதட்டைப் பிதுக்கினாள்.)

தூஸ்யா மீன் அப்பம் வைத்தாள், ஆய்லி காப்பிப் பொட்டலம் வைத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தார்கள். பிறகு ஆய்லி நான்கு நிமிடம் பேசினாள். தொய்வோ அதை மூன்றே சொல்லில் முடித்தான்: "தரையக் கழுவிக்கட்டுமானு கேக்கறாங்க."

தூஸ்யாவின் முகம் அடுப்புச் சாம்பலாகிவிட்டது. "ஏன்? யார் செத்துட்டாங்க? நான் இன்னும் உக்காந்துதானே இருக்கேன்?"

தொய்வோ திணறினான். பிறகுதான் மீதியை அவனிடமிருந்து கறந்தார்கள். அவர்கள் ஊர்ப் பெண்களுக்கு, வீட்டை விட்டுப் போகும்போது தரையைக் கழுவி வைத்துவிட்டுப் போவதுதான் மானம், எதிரிக்கு விட்டுப் போனாலும்கூட. 1940இல் ஆய்லியின் அம்மா கழுவிவிட்டுத்தான் போனாள். 1944இல் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தபோதே அவர்கள் நாட்டுச் சிப்பாய்களே வந்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். வீடு போனதைவிட அந்தத் தரை கழுவாமல் கிடந்ததைத்தான் அம்மா கடைசிவரை சொல்லிச் சொல்லி மருகினாள். போன வசந்தத்தில் இறந்துவிட்டாள். இதோ, பையில் பைன் மணக்கும் சோப்பு.

தூஸ்யா அப்பத் தட்டைத் தள்ளி வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு கேளு தம்பி. இத்தன வருஷம் கழிச்சு எதுக்கு வந்தாங்களாம்?"

தொய்வோ கேட்டான். ஆய்லி உடனே சொன்னாள், இந்தத் தடவை சுருக்கமாக.

"கழுவாமப் போனதாலதான் வந்தேங்கறாங்க, யெவ்தகீயா பெத்ரோவ்னா."

நான் வெங்காயத்தோடு களையைப் பிடுங்கினேனா, களையோடு வெங்காயத்தைப் பிடுங்கினேனா தெரியாது. நாற்பத்தாறு வருடமாக நாங்கள் பைத்தியக்காரத்தனம் என்று சிரித்த தூஸ்யாவின் பயத்தை, எங்கள் வழக்கமே தெரியாத ஒருத்தி எல்லை தாண்டி வந்து உறுதிசெய்துவிட்டாள்.

தூஸ்யா எழுந்தாள். தானே வாளியைக் கொண்டுவந்தாள், தானே வெந்நீர் ஊற்றினாள். இவ்வளவு சுறுசுறுப்பாக அவளை நான் கல்யாணவீட்டில்கூடப் பார்த்ததில்லை.

4

ஆய்லி ஜன்னலோரத்தில் மண்டியிட்டுத் தொடங்கினாள். தூஸ்யா பெஞ்சில் காலைத் தூக்கிக்கொண்டு, சோதனை போடவந்த அதிகாரி மாதிரி பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். "பலகை வாட்டத்துல தேய்க்கச் சொல்லு, குறுக்க தேய்ச்சா சிலாம்பு ஏறும்." ஆய்லி பதிலுக்கு, இந்தப் பலகையைத் தன் அப்பா இழைத்தபோது தானும் கூட இருந்ததாகவும் வாட்டம் தனக்குத் தெரியும் என்றும் சொல்லி அனுப்பினாள். ஒரு பலகையில் கோடரி விழுந்த தழும்பு இருந்தது. அது தன் அண்ணன் போட்டது என்றாள். இல்லவே இல்லை, என் புருஷன் போட்டது என்றாள் தூஸ்யா. இருவரும் தழும்பின் மேல் குனிந்து வெகுநேரம் வாதாடினார்கள். கடைசியில் அங்கே இரண்டு தழும்பு இருப்பது தெரியவந்தது. அப்போது தூஸ்யா சிரித்தாள். பெஞ்சிலிருந்து இறங்கி, அவளும் ஒரு துணியை நனைத்தாள்.

பாதி முடிந்திருக்கும். வெளியே பேருந்துக்காரன் ஹாரனை அழுத்தினான்; சோதனைச்சாவடி மூடிவிடுமாம். ஆய்லி காதில் வாங்கவில்லை. தொய்வோ தோளைத் தொட்டான். அவள் முழங்காலில் நின்றபடி மிச்சத்தைப் பார்த்தாள். அடுப்பிலிருந்து கதவுவரை காய்ந்த பலகை. ஈரத்துக்கும் காய்ந்ததுக்கும் நடுவே ஓர் எல்லைக்கோ—

(மன்னிக்கவும். அது பத்திரிகைக்காரர்கள் எழுதவேண்டிய வரி.)

மறுபடியும் பாதியில். அம்மா மாதிரியே. ஆய்லி எழுந்து, ஈரக்கையோடு தூஸ்யாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். அதற்குள் தொய்வோ வெளியே போயிருந்தான், மொழிபெயர்க்க ஆளில்லை. தூஸ்யா தலையாட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கும் தெரியாது.

பேருந்து காட்டுத் திருப்பத்தில் மறைந்தது. தூஸ்யா உள்ளே வந்தாள். வாளியில் இன்னும் ஆவி பறந்தது. கதவுப்பக்கப் பாதி மிச்சம்.

இப்போது கழுவினால், போனவளின் பின்னாலேயே கழுவுவதாகும். ஆய்லி இனி வரமாட்டாள், பயம் இன்றோடு தீர்ந்தது. கழுவாமல் விட்டால்—

5

முடிவுகள் பல கைவசம் உண்டு. நூலகத்துக்கு: தூஸ்யா துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள், மக்களிடையே நட்பு மலர்ந்தது. ஊருக்கு: கதவு இடுக்கு வரை, படிவரை கழுவித் தள்ளினாள், எடுக்கவந்தவளைத் துரத்தினாள். இரண்டும் நான்கு பக்கத்துக்குள் அடங்கும்.

நான் பார்த்தது இவ்வளவுதான். அவள் துணியை வாளிக்குள் அமுக்கினாள். தூக்கினாள். தண்ணீர் சொட்டியது. அப்போது என்னைப் பார்த்துவிட்டாள்.

"களை போதும், வீட்டுக்குப் போ லீதா" என்று சொல்லித் திரையை இழுத்து மூடினாள்.

மறுநாள் உப்பு கேட்கிற சாக்கில் போனேன். சுவருக்குச் சுவர் கந்தல் விரிப்பு விரித்திருந்தாள், அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாதபடி. உப்பைக் கொடுத்தாள், கதவைச் சாத்தினாள்.

அடுத்த ஜூனில் பேருந்து வந்தது. அதிலிருந்து யார் இறங்கினார்கள், யார் இறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்; வேலியோரம்தான் நின்றிருந்தேன். சொல்லமாட்டேன். வாழ்நாளில் ஒரு விஷயத்தை நான் சொல்லாமல் வைத்திருப்பது இதுதான் முதல்தடவை, ரொம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லிவிட்டால், அன்றைக்குத் திரைக்குப் பின்னால் துணியோடு நின்றவளை நீங்கள் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். கொஞ்சம் இருங்கள். அவள் இன்னும் முடிவுசெய்யவில்லை.